சின்ன பட்ஜெட்டில் வீட்டுக்கு நல்ல ஸ்டீரியோ: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

பலருடைய வீடுகளில் ஸ்டீரியோ அமைக்க உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்குகிறார்கள், பிறகு அதற்கேற்ற ஸ்பீக்கர் தேடுகிறார்கள், கடைசியில் அலமாரியில் எங்கே இடமிருக்கிறதோ அங்கே செருகிவிடுகிறார்கள். ஆனால் காதுக்கு வந்து சேரும் ஒலியை முதலில் தீர்மானிப்பது அறையும் ஸ்பீக்கர் நிற்கும் இடமும். அடுத்தது ஸ்பீக்கர். ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான மின்சிக்னலாக மாற்றும் கருவி), வயர் எல்லாம் அதற்கும் பிறகு. அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

மனதில் வைத்திருக்கும் அறை: 10 அடிக்கு 12 அடி, சிமென்ட் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, தலைக்கு மேல் ஃபேன். கையில் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை. உங்கள் அறையும் பணமும் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் படிகள் மாறாது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

அளவு நாடா, மாஸ்கிங் டேப், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, டிவி ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி, வயர் உரிக்கும் கருவி. இவற்றோடு நீங்கள் நூறு முறையாவது கேட்டுப் பழகிய நான்கு பதிவுகள்.

அந்த நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். ஒன்றில் பக்கவாத்தியம் அதிகமில்லாத தனிக்குரல், ஒன்றில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம், ஒன்றில் நாதஸ்வரமும் தவிலும், ஒன்றில் பெரிய வாத்தியக் குழு. இவற்றை ஃபோனிலேயே டவுன்லோடு செய்து வையுங்கள். ஆப்பில் ஒலித்தரத்தை ‘ஆட்டோமேட்டிக்’கில் விடாமல், இருப்பதிலேயே உயர்ந்ததற்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சிக்னல் குறைந்த கடைக்குள் நிற்கும்போது தரம் தானாக இறங்கும், பழி ஸ்பீக்கர் மேல் விழும்.

1. அறையைப் படியுங்கள்

ஃபேனை நிறுத்திவிட்டு அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தம் நின்ற பிறகும் ‘ட்ர்ர்ர்’ என்று உலோகச் சாயலோடு ஒரு வால் தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். நம் ஊர் அறைகளில் இது சகஜம். சிமென்டும் டைல்ஸும் உயர் அதிர்வெண்களைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பிவிடும். இந்த வாலைச் சரிசெய்யாமல் ட்வீட்டரை (ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) குறை சொல்லிப் பயனில்லை.

பேஸுக்கு, அதாவது தாழ்ந்த கனமான ஒலிக்கு, வேறு கணக்கு. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை முதலில் எந்த அதிர்வெண்ணில் முனகும் என்று கிடைக்கும். 12 அடி என்பது 3.66 மீட்டர், ஆக சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிப் பக்கத்துக்கு சுமார் 56 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்கள் சுவரோரத்தில் ஊதிப் பெருகும், அறையின் சரிநடுவில் காணாமல் போகும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் சாய்ந்து கேட்பவர் பேஸ் அதிகம் என்பார். நடுவில் நாற்காலி போட்டவர் பேஸே இல்லை என்பார். ஸ்பீக்கர் இருவருக்கும் ஒன்றுதான்.

10-க்கு 10 என்ற சதுர அறையில் இரண்டு முனகலும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துகொள்ளும். வீட்டில் இரண்டு அறை இருந்தால் செவ்வகமானதைத் தேர்ந்தெடுங்கள்.

2. இரண்டே ஸ்பீக்கர் என்று முடிவெடுங்கள்

இதே பணத்துக்கு 5.1 செட் கிடைக்கும்போது இரண்டு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். 15,000 ரூபாயை ஆம்ப், பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர், ஐந்து பெட்டி என்று ஏழாகப் பிரித்தால், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போடக்கூடிய டிரைவரின் (ஒலி எழுப்பும் கூம்புப் பகுதி) தரம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். சின்னப் பெட்டிகளால் ஆண் குரலின் கனத்தைக் கொடுக்க முடியாது. அந்தப் பொறுப்பு சப்வூஃபருக்குப் போகிறது, குரலின் அடிப்பகுதி தரையிலிருந்தும் மேல்பகுதி சுவரிலிருந்தும் வருகிறது. நம் பாட்டுகள் அநேகமாக எல்லாமே இடது, வலது என்று இரண்டு சேனலில் கலக்கப்பட்டவை. இரண்டு நல்ல ஸ்பீக்கர் சரியான இடத்தில் நின்றால், பாடகர் நடுவில் நிற்பதைக் காதால் சுட்டிக் காட்டலாம்.

சவுண்ட்பார் வேண்டுமா என்ற கேள்விக்கும் இதே பதில். டிவி வசனம் தெளிவாகக் கேட்க அது போதும். பாட்டுக்கு, இடது வலது ஸ்பீக்கருக்கு நடுவே மூன்றடி கூட இல்லாத ஒரு பெட்டியால் ஸ்டீரியோ விரிவைத் தர முடியாது.

3. பவர்டு ஸ்பீக்கரா, தனி ஆம்பா?

ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் ஒரு வழி. எடிஃபையர் ஆர்1280டி போன்றவை இந்த வகை. ஃபோனையோ டிவியையோ நேராகச் செருகலாம், பொருத்தம் பார்க்கும் வேலை தயாரிப்பாளருடையது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி என்பது இன்னொரு வழி. பின்னால் ஒவ்வொன்றாக மாற்ற நினைப்பவர்களுக்கு இது நல்லது. கிளாஸ் டி என்ற, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வகையிலான சின்ன ஆம்புகள் இன்று மலிவாகவும் சுத்தமாகவும் வருகின்றன. இந்த வழியில் போனால் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். இன்றைய சாதாரண ஆம்புகளுக்குள் கேட்டறியும் வித்தியாசம் குறைவு. ஸ்பீக்கர்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

தனி டிஏசி இப்போதைக்கு வேண்டாம். ஃபோனில் ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால், டிஏசி உள்ளே இருக்கும் ஒரு நல்ல யுஎஸ்பி-சி அடாப்டர் போதும்.

4. அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பது

பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்வது) என்று எழுதிய எண்ணைக் கண்ணாலும் பார்க்காதீர்கள், அதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. ஆர்எம்எஸ் வாட்ஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி) என்ன, எத்தனை ஓமில் என்று கேளுங்கள்.

வாட்ஸை விட முக்கியமானது சென்சிட்டிவிட்டி. 86 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 86 டெசிபல் வரும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும், 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. அதாவது 10 வாட்டில் 96, 100 வாட்டில் 106. வீட்டில் நன்றாகக் கேட்கும் அளவு 75 முதல் 80 டெசிபல். இந்த அறையில் அதற்குச் சராசரியாக ஒரு வாட்டே போதும், மிச்சமெல்லாம் தவில் அடி போன்ற திடீர் உச்சங்களுக்கான கையிருப்பு. எனவே சேனலுக்கு 30 முதல் 50 வாட்ஸ் உண்மையான ஆர்எம்எஸ் தாராளம். 50-லிருந்து 100 வாட்ஸுக்குப் போகக் கூடுதல் பணம் கேட்டால், நீங்கள் வாங்குவது வெறும் 3 டெசிபல்.

‘20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டு, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை. ஐந்து அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) 20 ஹெர்ட்ஸைக் காதுக்குக் கேட்கும்படி கொடுக்காது. இம்பிடன்ஸ் (ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை, ஓமில்) மட்டும் கட்டாயம் பாருங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் எடுத்தால், ஆம்பின் முதுகில் 4 ஓம் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தம் கூட்டும்போது சூடாகி நிற்கும்.

5. கடையில் கேட்பது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போகிறவர்கள் வாரநாள் காலையில் போங்கள். கூட்டம் இருக்கும்போது எந்தக் கடையிலும் நிதானமாகக் கேட்க முடியாது.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் அதிகமாக ஒலிப்பதைக் காது ‘சத்தம் கூடியது’ என்று உணராது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் உணரும். ஃபோனில் இலவச டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள், ‘சரவுண்ட்’ பட்டன்களை அணைக்கச் சொல்லுங்கள்.

பிறகு மிருதங்கத்தைப் போடுங்கள். ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிட நேர்மையான வாத்தியம் எனக்குத் தெரியாது. வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் அடிக்குக் கூர்மையான தொடக்கமும், சுருதியோடு நிற்கும் ஒரு நாதமும் உண்டு. தொடக்கம் மழுங்கினால் ட்வீட்டர் மந்தம், ஊசியாகக் குத்தினால் அளவுக்கு மீறிய ட்வீட்டர். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) உள்ளங்கை அழுத்தி இழுக்கும் கும்கியைக் கவனியுங்கள். அந்தச் சுரம் வளைந்து ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். எல்லாக் கும்கியும் ஒரே ‘தும்’ ஆகக் கேட்டால், அந்தப் பெட்டி ஒரு அதிர்வெண்ணில் மட்டும் ஊதுகிறது. அதைத்தான் விற்பவர் ‘செம பேஸ்’ என்பார்.

கடைசியாகச் சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். இரவில் வீட்டில் கேட்கப்போவது அந்த அளவில்தான். சத்தம் குறையும்போது நம் காது பேஸை இன்னும் குறைவாகவே உணரும், அதனால் கொஞ்சம் மெலிந்து கேட்பது இயல்பு. குரல் மட்டும் அப்போதும் தெளிவாக நிற்க வேண்டும்.

6. பழைய பொருள் வாங்குவதென்றால்

இதே பணத்துக்கு ஒரு படி மேலான ஸ்பீக்கர் கிடைக்கும் வழி இது, ஆனால் சோதிக்கத் தெரிய வேண்டும். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் வயதானால் பொடியாகும், விரல் பட்டாலே உதிரும். ரப்பர் நீண்ட நாள் நிற்கும்.

கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயிலில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளில்) கோளாறு, விட்டுவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் முனைகளில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் போலக் காட்டும், அது சரிதான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே முக்கியம். ட்வீட்டர் அருகே காதை வைத்து, இரண்டும் பாடுகின்றனவா என்று தனித்தனியாகக் கேளுங்கள். செத்த ட்வீட்டரைத் தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.

ஆம்பில் வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பு பெரிய குறையில்லை, கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும். ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போவது வேறு வியாதி.

7. வயர்: சீக்கிரம் முடியும் வேலை

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மல்டிஸ்ட்ராண்ட் வயர், சிவப்பும் கறுப்பும், எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குங்கள். ஐந்து மீட்டர் ஓட்டத்துக்குப் போக வரச் சேர்த்துத் தடை 0.13 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. விலை உயர்ந்த ஆடியோ வயரில் போடும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: செம்பு பூசிய அலுமினிய வயரும் சந்தையில் உண்டு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே கனத்தில் தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும்.

முனையை அரை அங்குலம் உரித்து முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் செருகுங்கள். ஆம்ப் எரிவதற்கு அந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும். இணைக்கும்போது ஆம்ப் அணைந்திருக்க வேண்டும்.

சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ‘புது ஸ்பீக்கரில் பேஸே இல்லை, பாடகர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். நிறம் தெரியாத வயராக இருந்தால், ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரித் தொட்டால் இரண்டு கூம்பும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

8. இடம் பார்த்து வைப்பது

ஒரு மாலை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒலி இவ்வளவு மாறுவது வேறெந்தப் படியிலும் கிடையாது.

ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவர் பக்கம் வையுங்கள், அவை 12 அடி நீளத்தைப் பார்த்துப் பாடட்டும். ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் பக்கச்சுவரிலிருந்து 24 அங்குலம், முன்முகம் பின்னாலுள்ள சுவரிலிருந்து 20 அங்குலம். இரண்டு தூரமும் வேண்டுமென்றே வேறுவேறு. ஒரே தூரமானால் இரு சுவர்களின் எதிரொலியும் ஒரே பேஸ் சுரத்தில் கூடிக் குழப்பும். இப்போது இரண்டுக்கும் இடையே 6 அடி. நீங்கள் உட்காரும் இடமும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 6 அடியாக, முக்கோணத்தின் மூன்று பக்கமும் சமமாக அமையுங்கள். கணக்குப்படி உங்கள் தலை உங்கள் முதுகுப்பக்கச் சுவருக்கு ஏறக்குறைய ஐந்தடி முன்னால் வரும். அறையின் சரிநடுவிலிருந்து ஓரடி போல விலகியிருப்பதால் முதல் படியில் சொன்ன பேஸ் பள்ளத்திலிருந்தும் தப்பித்தீர்கள்.

மூலை வேண்டாம். சுவர் ஒவ்வொன்றும் பேஸைக் கூட்டும், மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கூட்டும். அலமாரிக் கட்டத்துக்குள் வைப்பதும் அதே கதை. வேறு வழியே இல்லை, சுவரோடுதான் ஒட்டி வைக்க முடியும் என்றால், பெட்டியில் காற்றுத் துளை இருக்கும் பட்சத்தில் ஒரு காலுறையைச் சுருட்டி அதில் செருகிப் பாருங்கள். ஊதல் அடங்கும்.

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். உயர் அதிர்வெண்கள் நேராகப் பாய்பவை, மேலேயோ கீழேயோ விலகினால் மங்கும். சோபாவில் உட்காருவதா, தரையில் பாய் போட்டு உட்காருவதா என்று முதலில் முடிவு செய்து, அந்த நிலையில் தரையிலிருந்து காது வரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டுக்குப் பணம் இல்லையென்றால் ஹாலோ பிளாக் கற்களைப் படுக்கவைத்து அடுக்குங்கள், கனமாக ஆடாமல் நிற்கும். பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டுகள் நான்கு வைத்தால் நழுவாது. குழந்தைகள் ஓடும் வீட்டில் மட்டும் இதைத் தவிர்த்து, உறுதியான மர ஸ்டூல் பாருங்கள்.

இப்போது தனிக்குரல் பதிவைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். குரல் இரண்டுக்கும் நடுவில், வெற்று இடத்திலிருந்து வர வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தது போலிருந்தால் ஸ்பீக்கர்களை உங்களை நோக்கி உள்பக்கமாகத் திருப்புங்கள், அல்லது நெருக்கமாக்குங்கள். திருப்பும்போது ஒரு விரல் அகலம் திருப்பிவிட்டுக் கேளுங்கள், பிறகு இன்னொரு விரல். பிடித்துப்போனதும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் வீடு கூட்டும்போது நகர்ந்தாலும் இடம் தொலையாது.

9. முதல் இயக்கமும் டிவி இணைப்பும்

ஃபோன் வால்யூமை முழுதாகவோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ வைத்து, சத்தத்தை ஆம்பில் கட்டுப்படுத்துங்கள். ஃபோனில் குறைத்து ஆம்பில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். ஆம்ப் வால்யூம் அடியில் இருக்கும்போதுதான் ஆன் செய்ய வேண்டும்.

சத்தம் கூட்டும்போது குரல் சிதைந்து கரகரத்தால் உடனே குறையுங்கள். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையின் உச்சியை வெட்டுகிறது. அப்போது ட்வீட்டருக்கு அளவுக்கு மீறிய சக்தி போய்ச் சுருள் எரியும். சின்ன ஆம்பை முழு வால்யூமில் வைத்துத்தான் பலருடைய ட்வீட்டர் போகிறது.

டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் எடுத்து, சத்தமே வரவில்லையென்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டிவியின் ஒலி அமைப்பில் ‘ஆட்டோ’ அல்லது ‘டால்பி’ என்று இருப்பதைப் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். சாதாரண டிஏசிக்கு டால்பி புரியாது.

10. ‘உம்ம்ம்’ என்று ஹம் வந்தால்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஹம்மும் அதே சுரத்திலும் அதன் மடங்குகளிலும் வரும். ஆம்பில் இணைத்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹம் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது வருகிறதோ அதுதான் காரணம். பெரும்பாலும் லேப்டாப் சார்ஜராகவோ, கேபிள் டிவி செட்டாப் பாக்ஸாகவோ இருக்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றுங்கள், அதிலும் போகவில்லையென்றால் ஆடியோ வயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழியாக வரும் ஹம்மைத் தடுக்கும் சின்னப் பொருள்) போடுங்கள்.

ஹம் போவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். வெட்டினால் ஹம் போகலாம். அந்தப் பெட்டிக்குள் கசிவு ஏற்படும் நாளில் உயிரும் போகலாம்.

11. சுவரை அடக்குவது

நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொருவர் பக்கச்சுவரில் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் முதல் எதிரொலி பட்டுத் திரும்புகிறது. அங்கே புத்தக அலமாரியோ கனமான திரையோ வரட்டும். முழுச் சுவரையும் மூட வேண்டியதில்லை.

தரைக்கு ஜமுக்காளம் நல்லது, ஆனால் மெல்லியது என்பதால் உச்ச அதிர்வெண்களை மட்டுமே விழுங்கும். இரண்டாக மடித்து விரியுங்கள். பரணில் கிடக்கும் பஞ்சு மெத்தையைச் சுருட்டி அறை மூலையில் நிறுத்திப் பாருங்கள், கடையில் விற்கும் ஒரு அங்குல முட்டைத்தட்டு ஃபோமை விட அது அதிகம் வேலை செய்யும். ஒலியை உறிஞ்சக் கனம் வேண்டும். முட்டைத்தட்டு ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டினால் ட்ரெபிள் மட்டும் செத்து, பேஸ் அப்படியே இருக்கும், அறை மூக்கடைத்துப் பேசும்.

மறுபடி நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். வால் குறைந்திருந்தால் போதும்.

12. சப்வூஃபர் எப்போது?

குறைந்தது இரண்டு மாதம் இப்படியே கேளுங்கள். அதற்குப் பிறகும் தவிலின் அடிவயிறு போதவில்லை என்று தோன்றினால் வாங்கலாம்.

வந்ததும் அதை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைந்த பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஊதலில்லாமல் ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். சப்வூஃபருக்கு உரிய இடம் அதுதான். அங்கே மாற்றிவிட்டு, கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழ் சப்வூஃபர் பாட வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஆண் குரல் ஒன்றைப் போடுங்கள். பாடுகிறவரின் குரல் சப்வூஃபர் பக்கமாக இழுத்தால் கிராஸ்ஓவரைக் குறையுங்கள், பிறகும் இழுத்தால் அதன் சத்தத்தைக் குறையுங்கள். அது ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு எழுந்து போய்க் கூம்பைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு வந்ததும் அந்தக் குமிழைத் தொடாதீர்கள்.